இருவரும் படிக்காத அத்தியாயம்

அந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்து மாயக்கதை வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முதலாளி தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிவிடுவார்: "பின்பக்கம் போங்க. ஸ்டூல் மேல ஒரு அம்மா நின்னுட்டிருப்பாங்க. அவங்க வாயைத் திறந்தா நீங்க வெறுங்கையோட போக மாட்டீங்க." அது பாராட்டா புகாரா என்று அவருக்கே தெளிவில்லை.

ஸ்டூல் மேல் நிற்பதற்குக் காரணம் உயரக் குறைவு. மேல்தட்டு எட்டாது. ஆனால் புத்தகம் கைக்கு வந்த பிறகும் அவள் கீழே இறங்குவதில்லை. அங்கேயே நின்றபடி கதையை ஆரம்பித்துவிடுவாள். கடலுக்கடியில் இருக்கும் நகரம் என்றால் கை நீந்தும். பாம்பு வந்தால் கழுத்து வளையும். எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "கடைசியா எதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சீங்க?" பதில் வந்தால் பதிலுக்கு ஏற்ற புத்தகம். யோசித்துக்கொண்டே நின்றால் இன்னும் பெரிய புத்தகம்.

பரீட்சைக்கு கைடு வாங்க வந்த பெண்ணிடம், பழைய இதிகாசப் போரை அரக்கர் அரண்மனைச் சமையல்காரர் வாயால் திருப்பிச் சொல்லும் நாவலைத் திணித்து அனுப்பியவள் அவள். "போர்னாலே எல்லாரும் வில்லையும் அம்பையும்தான் பேசுறாங்க. அத்தனை பேருக்கும் சோறு பொங்கிப் போட்டது யாரு? அதைக் கேளுங்க முதல்ல!" அந்தப் பெண் பரீட்சையில் என்ன ஆனாள் என்று தெரியாது. கல்யாணம் ஆன பிறகும் இந்தக் கடைக்குத்தான் வருகிறாள்.

இத்தனை திறமை இருந்தும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. ஓட்டை வாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச்சு வேகத்தில் முடிவையும் சேர்த்து உளறிக்கொட்டிவிடுவாள். மந்திரவாதிதான் கதாநாயகனின் அப்பா என்று அவள் சொல்ல, புத்தகம் வாங்க வந்த ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். "நீ புத்தகத்தை விக்கிறியா, ஆளை விரட்டுறியா?" என்று முதலாளி கத்தினார். அன்றைக்கு அவள் எடுத்த முடிவு விசித்திரமானது. எந்தப் புத்தகத்தையும் பாதிக்கு மேல் படிப்பதில்லை! பாதி வந்ததும் மீதிப் பக்கங்களைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிடுவாள். தெரியாத ஒன்றை உளற முடியாதல்லவா? வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

ஆனால் வாசகர்கள் சும்மா இருப்பார்களா? "சோகமா முடியுமா மேடம்? எனக்கு ஏற்கெனவே வீட்டுல நிறைய சோகம் இருக்கு" என்பார்கள். அப்போதுதான் எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் கதைக்குள் வந்தார். தனியாள், நாற்பதை நெருங்குபவர், பிரேமில் ஸ்க்ரூ முடுக்கும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்கிறவர். அவருக்கு இன்னொரு கோளாறு. கதைகளின் ஆரம்பம் அவருக்கு ஆகாது.

"யாரு யாருக்கு மாமா, எந்த ஊரு எந்த ராஜாவுதுன்னு புரியறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது மேடம். பாதியிலேருந்து படிச்சா எல்லாரும் ஓடிட்டே இருக்காங்க, நல்லா இருக்கு" என்றார்.

அவள் ஸ்டூலிலிருந்து விழாத குறைதான். அன்று முதல் ரப்பர் பேண்டு போட்ட புத்தகம் நேரே அவர் கடைக்குப் போகும். பேண்டு போட்ட பகுதியை மட்டும் அவர் படிப்பார். முடிவு இன்னதென்று வாயால் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. படித்து முடித்ததும் தன் கடை வாசலில் வந்து நிற்பார். சுபம் என்றால் வட்டமான வெள்ளைக் கண்ணாடி. சோகம் என்றால் கூலிங் கிளாஸ். தாங்கவே முடியாத சோகம் என்றால் கூலிங் கிளாஸ் மேல் இன்னொரு கூலிங் கிளாஸ். இவள் இந்தப் பக்கமிருந்து பார்த்துத் தலையாட்டிக்கொள்வாள். இப்படியாக அந்த இரண்டு பேரும் சேர்ந்து அலமாரி முழுவதையும் படித்துவிட்டார்கள். தனித்தனியே பார்த்தால் இருவருமே ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

பாதியில் நிறுத்தும் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி தினமும் பாதி டீ மிச்சமிருக்கும் டம்ளரைக் கழுவினாள், பாதி மடித்த துணிகளை மடித்தாள். "உன்னைப் பெத்தவங்க முழுசாத்தான் பெத்தாங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்குடி" என்பாள். அவர்களுக்குள் அந்த அளவுக்கு உரிமை உண்டு.

அண்ணிக்கு இன்னொரு விஷயமும் தெரியும். கண்ணாடிக்காரர் பல தடவை, "மேடம், நான் உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இவள் குறுக்கே பாய்ந்து, "சார், அந்த மூணாவது பாகம் வந்துடுச்சு!" என்று கத்திவிட்டு ஓடி வந்திருக்கிறாள். மூன்றாவது பாகமாவது ஒன்றாவது! அவளுக்குப் பயம். அவர் அந்த வாக்கியத்தை முடிக்காத வரைக்கும் அது அவள் நினைத்ததாகவே இருக்கலாம். முடித்துவிட்டால்? "ஒண்ணு சொல்லணும், ரப்பர் பேண்டு தீர்ந்துபோச்சு" என்று முடிந்தால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த வாரம் அண்ணியின் கண்ணாடியில் ஒரு கால் உடைந்தது. சரிசெய்யப் போன அண்ணி, திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவரோட அக்கா வந்திருக்காங்கடி. மேஜை மேல பொண்ணுங்க போட்டோவைப் பரப்பி வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்புறாங்களாம், அதுக்குள்ள பதில் சொல்லணுமாம். நீ இன்னும் மூணாவது பாகம், நாலாவது பாகம்னு ஓடிட்டிரு. அவருக்குக் கல்யாணமாகிப் பத்திரிகை வரும், அதையாவது கடைசி வரைக்கும் படி!"

நாளைக்கு அவர் ஆரம்பித்தால் வாயைத் திறக்கவே கூடாது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அதிலும் பாதி உறுதிதான் இருந்தது.

மறுநாள் காலை முதலில் வந்தது கண்ணாடிக்காரர் அல்ல, ரிட்டையர்டு டிராபிக் போலீஸ்காரர். மீசை கன்னம் வரை போகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கை ஓய்வு பெறவில்லை. தெருவைக் கடக்கும்போது கையை உயர்த்துவார், வண்டிகளும் மரியாதையாக நிற்கும். அவர் சில நாட்களுக்கு முன்புதான் முதன்முதலாக இந்தக் கடைக்கு வந்தார். வளர்த்த நாய் வயதாகி இறந்துவிட்டதாம். வீட்டில் யாரும் குரைக்காததால் தூக்கம் வரவில்லை என்றார்.

"ஏதாவது படிக்கக் கொடும்மா. ஒரே ஒரு கண்டிஷன். மிருகம் சாகக் கூடாது."

அவளிடம் அதற்கென்றே பிறந்த புத்தகம் இருந்தது. பறக்கும் எருமையில் ஏறி மலைநாட்டை மீட்கும் ஊமைப் பெண்ணின் கதை. எருமைக்கு முதுகில் இறக்கை, வாயில் எப்போதும் அசை, கோபம் வந்தால் மேகத்தின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்காது. இருந்தாலும் சந்தேகம் வேண்டாமே என்று வாசலுக்கு வந்து, தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, எதிர்க்கடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவர் வட்டக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் இறக்கையாக விரித்து, வாசலிலேயே ஒரு சுற்று பறந்து காட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். "எருமைக்கு ஒரு குறையும் வராது சார், நான் கேரண்டி!" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

இப்போது அந்தப் பெரிய மீசை அவள் முன்னால் நனைந்துபோய் நின்றது.

"செத்துப்போச்சும்மா."

"ஐயையோ! யாரு சார்?"

"எருமை!" என்று சொல்லிவிட்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். "உன் பேச்சை நம்பித்தானேம்மா படிச்சேன். அதுக்கு மேல ஒரு வரிகூடப் படிக்க முடியலை. அப்படியே மூடிட்டேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னாலேயே வந்த போலீஸ்காரர் அழுதுகொண்டே கையை உயர்த்த, இருபக்கமும் வண்டிகள் நின்றன. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"சார்! நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நினைக்கவே இல்லை!" கண்ணாடிக்கடைக்குள் அவள் குரல் பிரேம்களை எல்லாம் அதிர வைத்தது. "எருமை செத்துப்போச்சாம்! நீங்க பறந்து வேற காட்டுனீங்க!"

அவருக்கு முழி பிதுங்கியது. "இல்லையே மேடம்! கடைசிப் பக்கத்துல கூட எருமை பறக்குதே. ராணியம்மா அது மேலதானே வராங்க?"

"செத்த எருமை எப்படிய்யா பறக்கும்?" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

"ராணியம்மாவா? எந்த ராணி? அந்தப் பொண்ணு ஊமை, பன்னண்டு வயசு!" என்றாள் அவள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் புத்தகத்தைக் கவுண்டரில் விரித்து, தான் எதுவரை படித்தாளோ அந்தப் பக்கத்தைக் காட்டினாள். எருமையின் விலாவில் அம்பு பாய்ந்து, அது மலை விளிம்பில் தள்ளாடி நிற்கும் இடம். கண்ணாடிக்காரரின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"மேடம்... கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ரப்பர் பேண்டு கையிலேயே அறுந்துபோச்சு. எங்கேருந்து படிக்கணும்னு தெரியலை. நடுவுல பெருசா 'இரண்டாம் பாகம்'னு போட்டிருந்துச்சு. உங்க கணக்கு அதுவாத்தான் இருக்கும்னு அங்கேருந்து ஆரம்பிச்சேன்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். இவள் நிறுத்திய இடத்துக்கும் அவர் தொடங்கிய இடத்துக்கும் நடுவில் ஒரு அத்தியாயம், முழுசாக ஒரு அத்தியாயம், அனாதையாகக் கிடந்தது. எருமை அதற்குள்தான் செத்திருக்கிறது. இவ்வளவு நாளாக இரண்டு பேரும் சேர்ந்து உலகத்தையே படித்துவிட்டதாக அவள் பெருமைப்பட்டிருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அதை அடக்கிக்கொண்டாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும். இப்பவே படிக்கிறேன்" என்றாள்.

கண் பரிசோதிக்கும் நாற்காலியில் போலீஸ்காரர் உட்கார்ந்தார். அவள் நின்றபடி சத்தமாகப் படித்தாள். எருமை தள்ளாடியது, படுத்தது, ஊமைப் பெண் அதன் காதில் வாயை வைத்துச் சத்தமே வராமல் எதையோ சொன்னாள், அது அசைபோடுவதை நிறுத்தியது. கண்ணாடிக்காரர் சத்தம் போடாமல் ஒரு கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினார். சற்று நேரத்தில் அதன் மேல் இன்னொன்று. போலீஸ்காரர், "இங்கதாம்மா மூடினேன், இங்கதான்" என்று தேம்பினார். பழக்கதோஷத்தில் அவளும் நிறுத்தத்தான் பார்த்தாள். ஆனால் அழுத வேகத்தில் கை அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டது. அங்கே, செத்த எருமையின் இறக்கைக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஈரமான ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"கன்னுக்குட்டி!" என்று அவள் கூவினாள். "சார், கன்னு! அப்போ கடைசியில பறந்தது..."

"ஏய், நிறுத்து!" போலீஸ்காரர் கையை உயர்த்திவிட்டார். மீசை முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கொடு அதை. நானே படிச்சுக்கிறேன்." புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

கண்ணாடிக்காரர் இரண்டு கூலிங் கிளாஸையும் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

"மேடம், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

அவள் வாய் தானாகத் திறந்தது. "சார், அந்த நாலாவது பாகம்..."

வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பினார். எத்தனையோ வருஷம் நடுத்தெருவில் நின்றவருக்கு, யாரை நிறுத்த வேண்டும், யாரை விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வலது உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேராக உயர்த்தினார். இடது கையால் கண்ணாடிக்காரரைப் பார்த்து, 'நீ வா' என்று வீசினார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். காது மட்டும் திறந்திருந்தது.

"அக்கா போட்டோவெல்லாம் கொண்டு வந்தாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் அவர். "எனக்கு ஆரம்பமே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். யாரு யாருக்கு மாமான்னு புதுசா இன்னொரு வீட்டுல போய்க் கத்துக்க என்னால முடியாது. உங்களை எனக்கு ஏற்கெனவே தெரியும். உங்க அண்ணியையும் தெரியும், அவங்க கண்ணாடி பவர்கூடத் தெரியும். நாம ஏற்கெனவே பாதியில இருக்கோம். மீதியை ஒண்ணா பாத்துக்கலாமா?"

இத்தனை நாள் இதைக் கேட்கவா பயந்து ஓடினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சந்தோஷத்தில் அந்தக் கோபமும் நிற்கவில்லை.

"பாத்துக்கலாம்" என்றாள். முழுசாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வாயைப் பிடிக்க யாரால் முடியும்? பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னாள். பழக்கடையில் சொன்னாள். நின்றிருந்த ஆட்டோ டிரைவர், "யாருக்குக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவரிடமும் சொன்னாள். கல்லாவுக்குத் திரும்பியிருந்த முதலாளியிடம் சொன்னபோது அவர், "நான் வாசல்லயேதான்மா நின்னு பாத்தேன்" என்றார். அதனாலென்ன, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அண்ணிக்குப் போன் போட்டாள்.

"என்னடி, மறுபடியும் பாதியில ஓடி வந்துட்டியா?"

"இல்ல அண்ணி. முடிச்சுட்டாரு. கடைசி வரைக்கும் நின்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அண்ணி வழக்கம்போலக் கழுவுவதற்கு டம்ளரை எடுத்து, மிச்சத்தை ஊற்றச் சாய்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடியே!" என்று அடுக்களையிலிருந்து அவள் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடி வந்தார். "நல்லவேளை, டம்ளரையாவது மிச்சம் வெச்சியே!"