அப்பா உட்கார்ந்து வந்த குண்டு

அமெரிக்காவில், கால்வெஸ்டன் துறைமுக மியூசியத்தில் ஒரு பொம்மைக் கப்பல். பார்த்தால் அசல் மீன்பிடி விசைப்படகு, முன்னால் மட்டும் பீரங்கி. போர்க்காலத்தில் மீன் படகுகளுக்கே பீரங்கி மாட்டி, கடலில் கண்ணிவெடி தேட விட்டார்களாம். மகன் இங்கிலீஷில் விளக்கினான். அடுத்த வாரம் அவனும் அமெரிக்க நேவியில் அதே வேலைக்குப் போகிறான்.

எட்டாவதையே தாண்டாத என் மண்டைக்குள் ராமேஸ்வரத்து டீசல் வாடை ஏறியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவின் வலையில் ஒருநாள் கொம்பு முளைத்த இரும்புக் குண்டு வந்தது. வலையில் வந்ததைத் திருப்பி எறிந்தால் கடலம்மா கோபிப்பாள் என்று கரைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"யோவ், அது கண்ணிவெடிய்யா!" என்று யாரோ அலறினார்கள். முதலில் ஓடியது நான்தான். அவிழ்ந்த டவுசருக்காகக்கூட நிற்கவில்லை.

அப்பா அசையவில்லை. "எதுக்குய்யா கத்துறீக? வர்ற வழி பூரா இதுமேல உக்காந்துதான் பீடி குடிச்சேன்!"

நேவிக்காரர்கள் வந்து அதைத் தூரத்தில் கொண்டுபோய் வெடிக்கவைத்தபோதுதான் அவருக்கு நடுக்கம் வந்தது.

நான் சொன்னதைக் கேட்டு மகன் சிரித்தான். "தாத்தா சோ ப்ரேவ், டாட்!"

"அவருக்கு அது என்னன்னே தெரியாதுடா. நீ தெரிஞ்சுல்ல போற?"

சிரிப்பு நின்றது. இங்கிலீஷை விட்டுவிட்டுச் சொன்னான்: "பயமாத்தான்ப்பா இருக்கு."