கம்பி இருந்தால் ரேடியோ!

போன வாரம் மலாக்காவில் செங் பக்கம் என் கார் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தேன். உள்ளே... ஒரே ஒயர்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இதுதான் கோளாறு" என்று ஒரு ஒயரைக் காட்டினேன். மெக்கானிக் சிரித்தார். பெட்ரோல் இல்லையாம்!

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம் நினைவுக்கு வந்தது.

அப்போது இதே ஊரில், காஜா பெராங்கில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் அம்மணி என்று ஒரு மலாக்கா செட்டிப் பெண் – பேச்சில் தமிழ் கொஞ்சம், மலாய் மிச்சம். அவள் வீட்டில் ஒரு பியானோ. சோதனைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி அதைத் திறந்து பார்த்தார். உள்ளே வரிசை வரிசையாகக் கம்பி!

"ரேடியோ!" என்றார், அரைகுறை மலாயில்.

ரகசிய ரேடியோ என்றால் தலை போய்விடும். அம்மணியின் கணவரை அங்கேயே கட்டிவிட்டார்கள்.

"ரேடியோ இல்ல, துவான்! பியானோ லா!" என்று பதறிய அம்மணி, உட்கார்ந்து வாசித்தே காட்டினாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பாட்டு வருது. ரேடியோதான்!"

இதற்கு மேல் என்ன வாதாடுவது?

மேலதிகாரிக்கு அனுப்ப உள்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லி என்னை இழுத்து வந்தார்கள். முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா. படம் பதியும் கண்ணாடித் தட்டு கைவசம் ஒன்றே ஒன்று.

"அபாங், தெளிவா எடுங்க லா... அவர் உயிரு" என்று அண்ணன் முறை வைத்து அம்மணி கைகூப்பினாள். மேலதிகாரியாவது பியானோவைப் பார்த்தவராக இருக்க வேண்டுமே!

கேமராவை மூடிய கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட அதிகாரி துள்ளி வெளியே வந்தார். "ரேடியோவைக் கவிழ்த்தது யார்?" அந்தக் கேமராவின் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பியானோவுக்குள் இருட்டு. படம் பதிய நெடுநேரம் பிடிக்கும். பலகைத் தரை வேறு – ஒருவர் கால் மாற்றினாலும் படம் கெட்டுவிடும். "யாரும் அசையக் கூடாது!" என்றேன். ஜப்பான் ராணுவம் எனக்குக் கீழ்ப்படிந்தது அன்று மட்டும்தான். துப்பாக்கியும் கையுமாக மூச்சடக்கி நின்றார்கள்.

படம் போனது; கணவரையும் கூடவே கொண்டுபோனார்கள். பதில் வந்தது: 'இது பியானோ.'

கணவர் வீடு திரும்பினார். அம்மணி அழுத அழுகையில் எனக்கும் கண் நிறைந்தது. பின்னாலேயே அதிகாரியும் வந்தார், விறைப்பாக.

"சரி, ரேடியோ இல்லை. அப்படியென்றால் இனிமேல் இதிலிருந்து பாட்டு வரக் கூடாது!"

புரியாததைத் திறந்து பார்த்தவன் சும்மா மூடிவிட்டுப் போவதில்லை. செங் பக்கம் பானெட்டைத் திறந்த நான் மட்டும் போனேனா?

அன்று மாலை அம்மணி வாய்விட்டுப் பாடினாள். யார் பிடிப்பது? அவள் தொண்டையில்தான் கம்பி இல்லையே!