நாலாவது கம்பிக்குக் கீழே

2005 நவம்பர் 12, இரண்டாவது சனிக்கிழமை, அலுவலகம் விடுமுறை. விடிந்ததும் குழாய்த் தண்ணீர் பிடித்து டிரம்மை நிரப்பினேன். பால் வாங்கி வந்தேன். வரும் வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் இஸ்திரி போட்டு மாட்டினேன். மனைவி போஹே செய்தாள். கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனேயின் கட்கிக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகும் அவளுக்கு அது அவல் உப்புமாதான். பத்து மணிக்கு வீட்டைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஔந்த் வழியாகப் பாணேருக்கு ஆட்டோ பிடித்தோம்.

பாணேரில் மனைவியின் தம்பி இருக்கிறான். மென்பொருள் வேலை, புது ஃப்ளாட், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வருடம் அவன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தான். சுவரோரமாக ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், தரையில் ஒரு கனத்த பெட்டி. மற்ற ஸ்பீக்கர்களால் தர முடியாத அடிக்குரலைத் தருவது மட்டுமே அந்தப் பெட்டியின் வேலை. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி. ஆக்குவது அவனுடைய பொழுதுபோக்கு. தீபாவளி விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், பீரோவிலிருந்த ஒரு கேசட்டை என்னிடம் கேட்டு வாங்கிப் போனான். எங்கள் சபையின் பாடகர் குழு 1991இல் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டுகள் கொண்டது அது. அதில் அடிக்குரல் தரும் பேஸ் கிடார் வாசித்தது நான். என் வாசிப்பு பதிவானது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். சி.டி. தயாராகிவிட்டது, வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டிருந்தான்.

அந்த பேஸ் கிடாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புனே கேம்ப் பகுதியில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்தவர் 1986இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது அவரிடம் வாங்கியது. ஜப்பானில் செய்தது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கறுப்பு. ஒலியைக் கூட்டும் குமிழ் கரகரக்கும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆம்ப்ளிஃபயர் பம்பாயில் யாரோ ஒரு மெக்கானிக் கையால் பூட்டியது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது மாதிரி வால்வுகள். போட்ட உடனே பேசாது, சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி தனி. இரண்டையும் ஆட்டோவில் ஏற்ற முடியாது, டெம்போ வேண்டும். எந்த மண்டபத்தில் செருகினாலும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் ஓடும். கம்பிமேல் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் எழும்பும். எர்த்துக்காக ஒரு ஒயரை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயில் கட்டுவேன். கல்யாண வீட்டுப் பிள்ளைகள் அதில் தடுக்கி விழுவார்கள், திட்டு எனக்கு.

பேஸ் கம்பிகள் அப்போது லேசில் கிடைக்காது. பழகிய கம்பி மந்தமாகிவிட்டால் கழற்றிச் சுருட்டி, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்க வைப்பேன். அழுக்கு விட்டுப் போய் மூன்று நாளைக்குக் கணீரென்று இருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

“ஊரு உலகத்துல இட்லி வேகும், இடியாப்பம் வேகும். நம்மூட்ல கம்பி வேகுதுங்க.”

“இன்னும் அஞ்சு நிமிசம்.”

“வெந்துருச்சான்னு எப்படிங்க பாக்கறது? ஒண்ண எடுத்துக் கடிச்சா?”

இப்போது இளைஞர்கள் எண்பதுகளின் சாமான்களைப் பற்றிப் பேசும்போது குரல் குழைகிறது. அதை முதுகில் தூக்காதவர்களுக்குத்தான் அந்தக் குழைவு வரும். ஆனாலும் நான் அதை நேசித்தேன் என்பது உண்மை. கல்யாண வரவேற்புகளிலும் தொழிற்சாலை கிளப்பிலும் ஈஸ்டர் ஆராதனையிலும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று வாசித்தேன். ஒரு போட்டோவிலும் நான் விழவில்லை. பேஸ் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், நிறுத்தினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று காட்டியது கீபோர்டு. எங்கள் குழுவின் கீபோர்டுக்காரன் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன், இரண்டு சந்து தள்ளி வீடு, சபைப் பாடகர் குழுவிலும் அவன்தான் கீபோர்டு. 1989இல் குவைத்திலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கீபோர்டை வாங்கினான். டிரம்ஸ் அதற்குள்ளேயே இருந்தது. இடது கையால் பேஸும் வாசிக்கலாம். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு டெம்போ வாடகை மிச்சம். முதலில் டிரம்மர் போனார். அப்புறம் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. ‘இந்தத் தடவை சின்ன ப்ரோக்ராம்’ என்பார்கள். எல்லாத் தடவையும் சின்ன ப்ரோக்ராமாக ஆன பிறகு, 1997இல் கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் பம்பாய்க்காரர் ஒருவருக்கு விற்றேன். மனைவி வேண்டாம் என்றாள். கிடார் போனால் என்ன, கேசட் இருக்கிறதே என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை வைத்துத்தான் என் மனதை ஆற்றிக்கொண்டேன்.

கேசட்டில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் ஒரு டீ சாசர் அளவுதான். அதில் பேஸ் கேட்காது. டிசம்பரில் சபைக் கோபுரத்தில் கட்டும் புனல் ஸ்பீக்கர்களிலும் கேட்காது. பாட்டு ஓடும்போது என் வரியை நானே மனதுக்குள் முனகி நிரப்பிக்கொள்வேன். பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்த வீடு எதிலும் நான் உட்கார்ந்து அதைக் கேட்டதில்லை. ஆகவே அன்று பாணேரில்தான் முதல் முறையாக என் வாசிப்பை நான் கேட்கப் போகிறேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை.

“வாங்க மாமா. வா அக்கா. மாமா நடுவுல உக்காருங்க, அங்கதான் எல்லா ஸ்பீக்கரும் ஒண்ணா வந்து சேரும்.” அவனுக்கு என்னைவிட அவசரம். “நீங்க வாசிச்சது வால்வ் ஆம்புன்னு அக்கா சொல்லுச்சு, நெசமாவுங்களா? இப்ப அதுக்கு என்ன மவுசு தெரியுங்களா? எங்க ஆபீஸ்ல ஒருத்தன் எண்பதுல வந்த ஜப்பான் பேஸ் ஒண்ணுக்காக நாயா அலையறான். உங்களுது எங்கீங்க மாமா?”

“வித்தாச்சு.”

“அய்யோ!”

அந்த அய்யோ கிடாருக்கு மட்டும்தான்.

முதல் பாட்டு தொடங்கியது. தரையில் இருந்த பெட்டியிலிருந்து பேஸ் வந்தது. உருண்டையாக, சுத்தமாக, இரைச்சலே இல்லாமல். கம்ப்யூட்டர் இரைச்சலை எடுத்திருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு நன்றாகவா வாசித்திருக்கிறேன் என்று ஒரு பாட்டு முழுக்கப் பெருமையாக இருந்தது. இரண்டாவது பாட்டில் ஏதோ உறுத்தியது. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் நான் விரலைக் கம்பியில் இழுத்துக்கொண்டே மேலே ஏறுவேன், அது என் பழக்கம். அந்த இழுப்பு இல்லை. ஒவ்வொரு சுரமும் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நின்றது. அன்று அப்படி வாசித்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டு டி (D) சுருதியில். முடிவில் எல்லாக் குரல்களும் சேர்ந்து நிற்க, அடியில் பேஸ் ஒரு பெரிய டி சுரத்தில் இறங்கி உட்கார்ந்தது. சோபா அதிர்ந்தது.

இசை தெரியாதவர்களுக்கும் புரியும்படி இதைச் சொல்லிவிடலாம். என் கிடாரில் நான்கு கம்பிகள். நாலாவதுதான் தடித்தது. அதை எங்கும் அழுத்தாமல் தட்டினால் வருவது ஈ (E) சுரம். அதற்குக் கீழே போக அந்தக் கிடாரில் இடம் கிடையாது. டி என்பது ஈக்கு ஒரு படி கீழே. அதனால் டி சுருதிப் பாட்டை முடிக்கும்போது நான் மூன்றாவது கம்பிக்கு ஏறி, மேலே இருக்கிற டியைத்தான் வாசிப்பேன். வேறு வழி இல்லை. கம்பியைத் தளர்த்தி வாசிக்கும் வழக்கமும் எனக்கு இருந்ததில்லை. கீழே இருக்கிற அந்த டியை என் கிடாரால் வாசிக்கவே முடியாது. கீபோர்டில் முடியும்.

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஏனுங்க, உள்ள வந்து இடிக்குதுங்க! இத்தன வருசமா இது எங்கிருந்துச்சு?”

“மாமா, என்ன அடிங்க மாமா இது!” என்று எழுந்து நின்றான் தம்பி. பாட்டைப் பின்னால் தள்ளி அந்த முடிவை மறுபடி போட்டான். திருப்தி இல்லாமல் இன்னும் ஒரு தடவை, இன்னும் சத்தமாக. மூன்று தடவையும் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

சாப்பாட்டின்போது அவன் தன் திட்டத்தைச் சொன்னான். ஐம்பது சி.டி. போட்டுக் கிறிஸ்துமஸுக்குச் சபையில் கொடுக்கப் போகிறான். மேலட்டையில் எல்லோர் பெயரும். “உங்க பேரத்தான் மொதல்ல போடறேனுங்க. நாளைக்கு மத்தியானம் அட்டைய அச்சுக்குக் குடுத்துருவேன்.” மீன் நன்றாக இருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

கட்கியில் இறங்கியதும் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராகக் கீபோர்டுக்காரன் வீட்டுக்கு நடந்தேன். இப்போது பாடகர் குழுவை நடத்துவது அவன்தான். அன்றைய ஒத்திகைக்குப் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“மூணாவது பாட்டு. கடைசியில டி. யாரு வாசிச்சது?”

“எந்தப் பாட்டுடா? உக்காரு மொதல்ல.”

சொன்னேன். அவன் தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“அரே, பதினாலு வருசம் கழிச்சு வந்து கேக்கறான் பாரு! நீ வாசிச்சதுல பூரா ஹம்மு. ஸ்டூடியோக்காரரு, இதப் போட்டா கேசட் பூரா வண்டு சுத்தற மாதிரி இருக்கும்னு சொல்லிட்டாரு. உன்னைய மறுபடி கூப்பிட டைம் இல்ல. மிக்சிங் அன்னிக்கு உன்னுத எடுத்துட்டு, நான் கீபோர்டுல லெஃப்ட் ஹாண்ட்ல அடிச்சு விட்டேன். ஒரு மத்தியானம், ஹோ கயா, முடிஞ்சது.”

“என்கிட்ட சொல்லலியே.”

“சொன்னா நீ கோவிச்சு நாராஜ் ஆயிருவ. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அதான் கேசட் அட்டையில பேரு போட்டோமே. உன் பேரு மேல, என் பேரு கீழ. ஒரு நாள் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா நான்?”

“வேற யாருக்குத் தெரியும்?”

“கொயர்ல எல்லாத்துக்கும் தெரியும். அட, விடுடா. பேஸை யாருடா கேட்டா? சொல்லு. இத்தன வருசத்துல நீயாவது கேட்டியா?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. இரைச்சல் இருந்தது, எனக்கே தெரியும். மறுநாள் வா, அந்த ஒயரைச் சரியாகக் கட்டு, திரும்ப வாசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்து போயிருப்பேன், அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட இடது கை அவனுக்குச் சுலபமாக இருந்தது. அதைக் கருணை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆராதனை முடிந்து, கோபுரத்தில் அந்தப் பாட்டு ஓடும்போது, புதிதாகச் சபைக்கு வந்தவர்களிடம் ‘இதில் பேஸ் நான்’ என்று சொல்வேன். பக்கத்தில் நிற்கும் பாடகர் குழுக்காரர்கள் புன்னகை செய்வார்கள். அன்பு என்று எண்ணியிருந்தேன்.

“டீ குடிச்சிட்டுப் போ,” என்றான். குடித்தேன். வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் காய்கிற துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அப்ப காலைல என் நெஞ்சுல வந்து இடிச்சது?”

“கீபோர்டு.”

கையிலிருந்த துணியை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு, “அந்தக் கிடாரை விக்க வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்,” என்றாள். “தம்பி பாவம், அட்டையெல்லாம் பண்ணி வெச்சிருக்கறான். ஊருக்கு என்னங்க தெரியப் போகுது? உங்க பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

ஊருக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். அவளுக்கும் எனக்கும் அவள் தம்பிக்கும்தான் தெரியாமல் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அன்றைய டைரியில் பாணேர் போய் வந்ததை மட்டும் எழுதினேன்.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் முதல் வேலையாக, தண்ணீர் பிடிக்கும் முன்பே, பாணேருக்குப் போன் செய்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

“மாமா? என்னாச்சுங்க? அக்கா நல்லாருக்குதுங்களா?”

“நல்லா இருக்கா. அந்த அட்டையில பேஸ் கிடார்னு ஒரு வரி வெச்சிருப்பியே. அதை எடுத்துடு.”

“உங்க பேரயா? ஏனுங் மாமா? ஏதாச்சும் தப்பா அடிச்சிருக்கறனுங்களா?”

“தப்பில்ல. எடுத்துடு.”

“செரி, அப்ப பேஸுக்கு யாரு பேரு போடட்டுங்க?”

பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்வதுதான் முறை. வாசித்தவன் அவன். ஆனால் அவன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“யார் பேரும் வேண்டாம். அதுல பேஸ் கிடாரே இல்ல.”

“இல்லீங்களா?” அவன் குரலில் தூக்கம் கலைந்துவிட்டது. “நேத்து சோபாவே ஆடுச்சுங்களே மாமா.”

“எடுத்துடு,” என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.