இடப்பக்கத்துக் கிளட்ச்

வேங்கிக்காலில் பதினான்கு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தும் முருகவேலுக்குத் தன் கால்களைப் பற்றிப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. கற்றுக்கொள்ள வருபவர் வண்டியைக் கிளப்புவதற்குள், "உங்க இடது கால் எங்க இருக்கு?" என்று கேட்டுவிடுவார். கிளட்ச் மேல் காலைச் சும்மா வைத்திருந்தாலே பிளேட் தேய்ந்துவிடும் என்பது அவருடைய முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுதான். நடுவில் வேறெதுவும் சொல்லிக்கொடுத்ததாக அவருக்கே ஞாபகமில்லை.

அப்படியும் ஒரே வருடத்தில் மூன்று பிளேட் போய்விட்டது. "யாரோ கிளட்ச்லருந்து காலையே எடுக்கமாட்றாங்க சார்" என்றார் மெக்கானிக் வேடியப்பன்.

யாரோ என்றால் அவரிடம் கற்றுக்கொள்ள வரும் அபிநயாதான் என்று முருகவேல் முடிவுகட்டிவிட்டார். அவளுக்கு ஜவ்வாதுமலைப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது, தினமும் காரில் மலையேற வேண்டும். "இன்னைக்கு மலையிலருந்து எறக்கிக் காட்டுங்கம்மா. சரியில்லைன்னா பஸ்லயே போய்க்கங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏறும்போது குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இறக்கத்தில் அவள் செகண்ட் கியர் போட்டு, இன்ஜின் பிடியிலேயே நிதானமாக இறக்கினாள். வளைவில் கிடுகிடு பள்ளம் தெரிந்ததும் முருகவேல் கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அடுத்த நொடி வண்டி பிடிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"பிரேக்! பிரேக்!" என்று அலறினார்.

"பிரேக்லதான் சார் இருக்கேன். நீங்க கிளட்ச்ச விடுங்க!"

குனிந்து பார்த்தார். சொல்லிக்கொடுப்பவருக்கென்று இடப்பக்கம் தனியாக வைத்த கிளட்ச்சை அவருடைய செருப்புக்கால் அடியோடு அழுத்திக்கொண்டிருந்தது. அது எப்போது அங்கே போய் உட்கார்ந்தது? இன்றைக்கா, பதினான்கு வருடத்துக்கு முன்னாலா? காலை எடுத்ததும் இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. பயம் போய் வெட்கம் வந்தது. இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு, மலை முடியும்வரை அப்படியே வந்தார்.

கீழே சமதளம் வந்ததும் மரத்துப்போன கால்களை இறக்கிவிட்டார்.

"அப்ப நான் ஸ்கூலுக்குக் கார்லயே போலாமா சார்?"

"தாராளமா போங்கம்மா. பஸ்ல போவ வேண்டியது நான்தான்."

அபிநயா சிரிக்கவில்லை. போளூர் தாண்டியதும் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"சார், உங்க இடது கால் எங்க இருக்கு?"

முருகவேல் குனிந்து பார்த்தார். மறுபடியும் அங்கேதான் இருந்தது.