டெஸ்மண்ட் பாணி

லண்டனில் பியானோவுக்குள் தண்ணீர் வைக்கிறார்கள். இங்கே ஓர் இசைப் பள்ளியில் சுருதி சேர்க்க வந்த வெள்ளைக்காரர் அடிப்பலகையைக் கழற்றி, ஜாம் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்தபோது எனக்குத் திக்கென்றது. ஹீட்டர் சூட்டில் மரம் காய்ந்து வெடித்துவிடுமாம். ராயபுரத்தில் எங்கள் பியானோவுக்குள் இரவும் பகலும் ஒரு சின்ன பல்பு எரியும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அந்தச் சூடு வேண்டும். இதைச் சொன்னதும், "உங்கள் ஊரில் பியானோகூட உண்டா?" என்று கேட்டார். உண்டு, வாசிக்க ஆளும் உண்டு என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இந்தச் சிரிப்பு பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இங்கே பஸ் ஓட்டும் அண்ணனை நம்பிக் கப்பலேறி வந்தவள் நான். வந்த சில மாதங்களில், அந்த இசைப் பள்ளியில் ஜாஸ் பியானோ சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தலைமை ஆசிரியர் மரியாதைக்காரர். டீ கொடுத்தார். முன்பு இருந்தவர் கனடா போய்விட்டதாகச் சொல்லி, "அவரும் உங்கள் மெட்ராஸ்தான். அவரைப் போல வாசிப்பவர்தான் எங்களுக்கு வேண்டும்" என்று ஒரு ரெக்கார்டை எடுத்துச் சுழலவிட்டார். முதல் நான்கு சுரத்திலேயே என் உடம்பு கொதித்தது. அது என் வாசிப்பு. உறையை வாங்கிப் பார்த்தேன். பியானோ: டெஸ்மண்ட் என்று போட்டிருந்தது.

நான் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவள். ஜாஸ் கற்றதெல்லாம் கப்பல்காரர்கள் துறைமுகத்தில் விற்றுவிட்டுப் போன ரெக்கார்டுகளில் இருந்துதான். காலையில் பூசைக்கு ஆர்கன், மாலையில் தெருப்பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு, சனிக்கிழமை ரெஜியின் குழுவோடு மவுண்ட் ரோடு ஹோட்டலில் கச்சேரி. ரெஜி ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியன். சாக்ஸபோன் வாசிப்பான். அவனுக்கு ரெக்கார்டு போடும் வாய்ப்பு வந்தது. ஸ்டூடியோ கிடைத்த நாளோ தபசுக் காலத்தில் விழுந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீடுகளில் ரேடியோவைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் நைனாவுக்குக் கோயில் பங்குச் சாமியாரை நினைத்தாலே நடுக்கம். "வாசிம்மா, நா வேணாங்கல. ஆனா தபசுல டான்ஸு பாட்டு வாசிச்சன்னு தெரிஞ்சா சாமியாரு உன்ன ஆர்கனாண்ட குந்த வுடுவாரா? உன் தங்கச்சி கண்ணாலம் அந்தக் கோயில்லதான் நடக்கோணும். பேரு மட்டும் வோணாம்" என்றார். நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. நைனா எனக்குத் தெரியாமல் ரெஜியிடம் போய், என் பெயரைப் போடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ரெஜியும் வெற்றிடமாக விட வேண்டாமே என்று தன் தம்பி டெஸ்மண்டின் பெயரைப் போட்டுவிட்டான். டெஸ்மண்ட் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பவன். ஸ்டூடியோ வாசலைக்கூட மிதித்ததில்லை. பியானோவும் ஏதோ தட்டுவான்; பின்னால் லண்டன் வந்தவன் இந்த ரெக்கார்டைக் காட்டித்தான் அந்தப் பள்ளியில் வேலை வாங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ரெஜி வீட்டில் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டைப் போட்டார்கள். மறுநாள் மீன்கூடையோடு வந்த லூர்து அக்கா, "இன்னாம்மா ஆரோக்கியம், நேத்து பாட்டுல உன் கை கேட்டுச்சே! கோயில்ல இழுக்குற மாதிரியே இழுத்துகினு கீற!" என்றாள். தெருவே கண்டுபிடித்துவிட்டது. தங்கை கல்யாணத்தன்று சாமியாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரெக்கார்டு நல்லா இருந்துச்சும்மா. பேரு போட்டிருக்கலாமே" என்றார். யாருக்குப் பயந்து என் பெயரை அழித்தார்களோ அவரே சொல்கிறார்! நைனா தலையைக் குனிந்துகொண்டு இலை போடப் போய்விட்டார். நான் அவரோடு பல மாதம் பேசவில்லை. இன்றும் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே லண்டன் பள்ளியில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்க, தலைமை ஆசிரியர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். "கவனித்தீர்களா? வலது கை தாளத்துக்கு அரை மூச்சு பின்னால் வருகிறது. இது டெஸ்மண்டின் கண்டுபிடிப்பு" என்றார். கண்டுபிடிப்பாம்! ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து, தூக்கக் கலக்கத்தோடு பூசையில் இழுத்து இழுத்துப் பாடும் காசிமேட்டுச் சனங்களுக்காக நான் காத்திருந்து காத்திருந்து வந்த பழக்கம் அது. "வாசித்தது நான்தான்" என்றேன். ரெக்கார்டு தயாரான கதையையும் சொன்னேன். அவர் கனிவோடு தலையாட்டினார். நான் பியானோவில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுக்க வாசித்தேன். முடித்ததும் அவர் எழுந்து கைதட்டினார்.

"அச்சு அசல் டெஸ்மண்ட்! இந்த ரெக்கார்டை எத்தனை முறை கேட்டுப் பழகினீர்கள்?"

வேலை கிடைத்தது. வேண்டாம் என்று அவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணன் வீட்டு ஒற்றை அறையில் அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள் 'டெஸ்மண்ட் பாணி' சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி, "நீங்கள் டெஸ்மண்டிடம்தான் கற்றுக்கொண்டீர்களா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. வகுப்பு முடிந்து அவள் போனதும், பேனாவை எடுத்து ரெக்கார்டு உறையில் டெஸ்மண்ட் பெயரை அழுத்தி அடித்துவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் ஆரோக்கியமேரி என்று எழுதினேன். ஆத்திரத்தில் கை தானாகத் தமிழில்தான் எழுதியது.

மறுநாள் தலைமை ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். என் பெயர் என்றேன். அவருக்குக் கோபமில்லை, வருத்தம்தான். "மிஸ் மேரி, இந்த ரெக்கார்டு பள்ளிக்குச் சொந்தம். இதில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளக் கூடாது" என்றார். ராயபுரத்தில் எந்தத் தெருவில் யார் கையில் கொடுத்தாலும் அந்தப் பெயரைப் படித்துவிடுவார்கள். அங்கே அதை எழுதத்தான் விடவில்லை.