கட்டை தூக்கப் போன கப்பல்காரன்

யுத்தம் முடிந்த மறு வருஷம் கப்பற்படையில் என்னைக் கழித்து அனுப்பினார்கள். பம்பாயிலிருந்து திருச்சிக்கு ரயில், அங்கிருந்து புதுக்கோட்டைக்கு பஸ், மிச்சம் நடை. திருவரங்குளத்துக்குக் கிழக்கே அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். ஆறாம் வகுப்போடு ஓடிப்போய், ஓட்டல், லாரி என்று நாலைந்து ஊர் சுற்றிச் சலித்துத்தான் கப்பலில் சேர்ந்திருந்தேன். எனக்கென்று போக வேறு வீடு கிடையாது. ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

கப்பல்காரன் என்றால் மீன் மாதிரி முங்குவான் என்று ஊரில் முடிவு கட்டியிருந்தார்கள். டீக்கடையில் அப்படிப் பேசும்போது நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

நான் பாய்லருக்குக் கரி தள்ளியவன். கடலைப் பார்த்ததெல்லாம் வேலை முடிந்து மேலே ஏறும்போதுதான். பர்மா கரையோரம் ஒரு காலையில் கப்பலுக்கு அடியில் ஏதோ வெடித்தது. மேலே ஏறும் வழியின் இரும்பு மூடி இறுகிக்கொண்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மோவாயைத் தொட்டபோது மூடியைப் பெயர்த்து எங்கள் மூன்று பேரையும் தூக்கினார்கள். கப்பலும் தப்பியது. அதற்குப் பிறகு நான் தலையைத் தண்ணீருக்குள் விட்டதில்லை. தலை வெளியே இருந்தால் நீந்துவேன். அவ்வளவுதான்.

ஐப்பசியில் பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை. ஊர்க் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் போகும் கலிங்கு வழிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கரையின் வெளிச்சரிவில், மருத மரத்தடியில், ஊற்று கண்டது. தெளிந்த தண்ணீராக வந்தால் பயமில்லை. இது செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது, உள்ளே கரை அறுபடுகிறது என்று அர்த்தம். நேர் கீழே முப்பது வீடு. அக்கா வீடு அதில் முதல் வரிசை.

தண்ணீரைக் குறைக்க மடையைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் மடை தண்ணீருக்குள்ளே இருக்கும். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அதைக் குமிழி என்பார்கள். தூண்களுக்கு அடியில், கரைக்கு வெளியே வாய்க்காலுக்குப் போகும் ஒரு துளை, அதை அடைத்த மரக்கட்டை. ஒருவன் நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய கணமே தண்ணீர் அவனையும் துளைக்குள் இழுக்கும். தலைமுறையாக அதைச் செய்யும் மடைக்காரர் அன்று குளிர்காய்ச்சலில் கிடந்தார்.

நாலு பேர் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"ஏப்பா கப்பல்காரா, நீ இருக்கையில எங்களுக்கு என்ன கவலை? அங்கிட்டு வந்து ஒரு முங்கு முங்கிட்டு வா."

"ஏழு கடலப் பாத்தவனுக்கு இது ஒன்றரை ஆள் ஒசரம்" என்று இன்னொருவர் சிரித்தார்.

அக்கா நெல் மூட்டையை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். "போடா தம்பி, பிள்ளைகள நான் கோயில்ல கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றாள். நான் போகமாட்டேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேட்டியை அவிழ்த்துக் கோவணத்தை இறுக்கிக்கொண்டு நடந்தேன்.

குமிழி வரை நீந்திவிட்டேன். தூணைக் கட்டிப் பிடித்தேன். தண்ணீர் செந்நிறமாக இருந்தது, என் கைகூடத் தெரியவில்லை. மூச்சை இழுத்துக் குனிந்தேன். நெற்றியில் தண்ணீர் பட்டதும் இரும்பு மூடி தலைக்கு மேல் இருந்தது. நிமிர்ந்துவிட்டேன். மறுபடி குனிந்தேன். மூன்றாம் தடவை குனியவே முடியவில்லை. கரையிலிருந்து சத்தம் கேட்டது: "என்னப்பா, தூணுக்குத் தாலி கட்டப் போறியா?"

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பக்கத்தில் ஒரு தலை எழும்பியது. மடைக்காரர். கண் இரண்டும் சிவந்து, பல் தந்தியடித்தது.

"ஒன்னால ஆகாதுன்னு முன்னமே சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேன்ல? இந்தா, ஒரு கையால தூணப் பிடி. இன்னொரு கையால என் மணிக்கட்டப் பிடி. நான் ஒதறுனா இழு. விட்டியோ, வாய்க்கால்லதான் என்னத் தேடணும்."

சொல்லிவிட்டு முங்கினார். அவர் மணிக்கட்டு அடுப்பிலிருந்து எடுத்த செங்கல் போலச் சுட்டது. அந்தச் சூடு என் கையில் இருக்கும் வரை அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, பதினேழுக்குப் பிறகு எண்ணிக்கை தவறியது. சட்டென்று கை கீழே வெட்டி இழுத்தது. என் தோள் தூணில் மோதி உரிந்தது. அவர் உதறினாரா, தண்ணீர் இழுத்ததா என்று தெரியாமலே இழுத்தேன். மோவாய் தண்ணீரைத் தொட்டது, வாய் முழுகியது, மூக்கும் முழுகியது. விடவில்லை. கடைசியில் அவர் இருமிக்கொண்டு மேலே வந்தார்.

கரைக்கு அந்தப்பக்கம் வாய்க்காலில் தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்டது.

அதற்குள் மழை வலுத்திருந்ததால் கரையில் நின்றவர்களுக்கு இருவரில் யார் முங்கினார் என்று தெரியவில்லை. ஏறியதும் என்னைத்தான் தூக்க வந்தார்கள்.

"நான் முங்கல. அவருதான் முங்குனாரு. நான் கையத்தான் பிடிச்சிருந்தேன்" என்றேன்.

"அப்ப கப்பல்ல என்னதான்யா செஞ்ச?"

"கரி அள்ளிப் போட்டேன்."

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் முந்தானையால் மடைக்காரரின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்வரை ஆளுக்கு ஒரு மண்கூடையோடு ஊற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்மாய் ஒரு சாண் இறங்கியது. ஊற்று நின்றபாடில்லை, ஆனால் மண் வருவது குறைந்தது. அன்று கரை தாங்கிவிட்டது.

மடைக்காரருக்குக் காய்ச்சல் இன்னும் பத்து நாள் அடித்தது. பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. தினமும் போய்க் கஞ்சி ஊற்றினேன். பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து, "எனக்குப் பிள்ளை இல்ல. வெயில் வரட்டும், ஒனக்கு முங்கப் பழக்கிவிடுறேன். அடுத்த மழைக்கு நீ எறங்கு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். என்னால் ஆகாது என்று இந்தத் தடவையும் சொல்லாமல், தை பிறக்கும் முன் ஊரைவிட்டுப் போய்விட்டேன்.