முழுப் படமும் பார்த்தவள்

கல்முனையில் துணிக்கடைகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில், மருந்துக்கடையின் மேல்மாடியில், வர்த்தகர் சங்கத்தின் கமரா அறை இருக்கிறது. பஸ்னா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. காலை ஏழரைக்கு வந்து கதவைத் திறப்பாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்ன பிறகுதான் பூட்டுவாள். இடைப்பட்ட நேரம் முழுதும் இரண்டு திரைகளில் பதினாறு கமராக்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுடைய வேலை.

தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, ஊரெல்லாம் சோதனையும் சந்தேகமுமாக இருந்த காலத்தில் சங்கம் கமராக்களைப் பொருத்தியது. கெட்ட நோக்கத்தோடு வருபவனை வரும்போதே பிடிக்கலாம் என்றார்கள். பஸ்னா பார்த்ததோ வேறு. மோட்டார் சைக்கிளை உரசிவிட்டு ஓடியவன், அடுத்த கடை வாசலில் குப்பை கொட்டியவன், பள்ளிவாசல் படியில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர். சில தகப்பன்மாரும் மாடியேறி வருவார்கள். தங்கள் பெண்பிள்ளை பஸ்ஸுக்கு நின்றபோது யாருடன் கதைத்தாள் என்று பார்க்கவேண்டுமாம். அவர்களிடம் மட்டும் அவள், அண்ணன் முறை வைத்து, "அந்தக் கமரா வேல செய்யல்ல காக்கா" என்று பொய் சொல்வாள்.

கட்டாரில் சாமான் தூக்கி முதுகெலும்பு நொந்துபோய் வந்த கணவர் றவூபால் நெடுநேரம் நிற்க முடியாது. அதனால் அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து செய்யும் வேலை என்றபடியால் மாமியாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் நாற்பத்தொரு வயதுக்குள் கண் கெட்டுப்போனது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் சுவரில் சின்னச் சின்ன ஆட்கள் நடப்பது போல இருக்கும்.

சென்ற வருடம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி தாண்டிய நேரம், சங்கச் செயலாளர் சாஜித் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். சல்மா உம்மா என்பது அவர் பெயர். ஐம்பது வயதிருக்கும். அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

"என்ட கறுத்த பேக்க காணல்ல புள்ள. மருந்துக்கடப் படியிலதான் வெச்ச. கிளினிக் காகிதமெல்லாம் அதுக்குள்ள. மகள்ட ரெண்டு காப்பும் இரிக்கி."

பஸ்னா ஏழாம் கமராவைப் பின்னோக்கி ஓட்டினாள். பத்து நாற்பத்தொன்றுக்கு, நீலச் சட்டையும் வெயில் தொப்பியும் போட்ட ஒருவர் மருந்துக்கடைப் படியில் இருந்த கறுப்புப் பையைக் கையில் எடுத்தார். சைக்கிள் கைப்பிடியில் கொழுவினார். போய்விட்டார். மொத்தம் பதினெட்டு விநாடி.

"இந்தா! இவன்தான்!" என்று சாஜித் சத்தமிட்டார். தன் போனை எடுத்துத் திரையை அப்படியே பதிவு செய்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பாப்பம் காக்கா" என்றாள் பஸ்னா.

"இதுக்கு மேல என்னத்தப் பாக்குற?"

அருகில் பள்ளிவாசலில் பகல் தொழுகையான லுஹருக்கு பாங்கு சொன்னது. சல்மா உம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். காலையிலிருந்து பஸ்னாவின் கண்கள் எரிந்துகொண்டிருந்தன. அவள் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

ஆளை அடையாளம் காட்டச் சொல்லி சாஜித் அந்தத் துண்டைச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் எழுதியது அவ்வளவுதான். அஸருக்குள் அது எங்கெங்கோ போய், 'கள்ளன், கவனம்' என்ற தலைப்போடு பஸ்னாவின் போனுக்கே நான்கு பேரிடமிருந்து வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணியளவில் மூன்றாம் கமராவில், கடைத்தெருவில் இருந்து குடியிருப்புச் சந்துக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில், ஐந்தாறு பேர் ஒரு சைக்கிளை மறித்தார்கள். கமராக்களுக்குச் சத்தம் கிடையாது. ஒருவன் பையைப் பறித்துத் தலைகீழாகக் கொட்டினான். சாவிகள், குழாய்த் துண்டுகள், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப் சுருள் எல்லாம் தாரில் சிதறின. இன்னொருவன் கன்னத்தில் அறைந்தான். தொப்பி கழன்று விழுந்தது. அப்போதுதான் முகம் தெரிந்தது.

அழகரெத்தினம். பக்கத்துத் தமிழ்க் கிராமமான பாண்டிருப்பில் இருந்து வந்து, இந்த ஒழுங்கைகளில் இருபது வருடமாகத் தண்ணி மோட்டர் திருத்துகிறவர். ஆண்கள் இல்லாத வீடென்றால் படலைக் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, பெண்கள் உள்ளே போன பிறகுதான் கிணற்றடிக்கு வருவார். அவர் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். குனிந்து சாமான்களைப் பொறுக்கலாமா என்று கூட அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

பஸ்னா சாஜித்துக்குப் போன் அடித்தாள். "ஓடுங்க காக்கா, ஒழுங்கையடிக்கு ஓடுங்க! அவர் மோட்டர்காரர். ஆள அடிக்கிறானுகள்!"

சாஜித் போய் ஆட்களை விலக்கியதையும் அதே திரையில் பார்த்தாள். பிறகு திங்கட்கிழமைப் பதிவுக்குப் போனாள். பத்து இருபத்திரண்டுக்கு அதே நீலச் சட்டைக்காரர் சைக்கிளை நிறுத்தி, தன் பையைத் தானே படியில் வைத்துவிட்டு மருந்துக்கடைக்குள் போகிறார். பத்தொன்பது நிமிடம் வரிசையில் நின்றுவிட்டு, மருந்தோடு வந்து, தன் பையை எடுக்கிறார். பத்து முப்பத்தைந்துக்கு சல்மா உம்மா ஓட்டோவால் இறங்குகிறார். கையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான். பையே இல்லை.

இன்னும் ஆறு நிமிடம் பின்னுக்கு ஓட்டியிருந்தால் போதும்.

சாஜித் மோசமான ஆளல்ல. திரும்பி வந்து முழுவதையும் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். அந்தப் பத்தொன்பது நிமிடத்தையும் குழுவில் போட்டு, 'இவர் கள்ளன் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினார். அவ்வளவு நீளப் படத்தை யார் பொறுமையாகப் பார்ப்பார்கள்? பதினெட்டு விநாடித் துண்டுதான் ஒலுவில் ஊர் வரை போய், அங்கிருந்த ஒரு சொந்தக்காரரிடமிருந்து வெள்ளிக்கிழமை மறுபடி பஸ்னாவுக்கு வந்தது. அதற்கு முன்பே, புதன்கிழமை, ஓட்டோக்காரர் ஆசனத்துக்குப் பின்னால் கிடந்த கறுப்புப் பையை சல்மா உம்மாவின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காப்பும் காகிதமும் அப்படியே இருந்தன. அந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை றவூப் முதுகில் பட்டி கட்டிக்கொண்டு பஸ்னாவை மோட்டார் சைக்கிளில் பாண்டிருப்புக்குக் கூட்டிப்போனார். அழகரெத்தினத்தின் மனைவி கதிரை போட்டு, பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். அழகரெத்தினம் முற்றத்தில் மாமரத்தடியில் இருந்தார்.

"அந்தப் படத்த எடுத்துக் காட்டினது நான்தான் அண்ணன்" என்றாள் பஸ்னா. "பின்னுக்குப் பார்க்காம நிப்பாட்டிட்டன். முழுசும் என்ட போன்ல இரிக்கி. உங்களுக்குத் தந்திட்டுப் போகத்தான் வந்த."

அவர் போனைக் கையில் வாங்கவில்லை.

"அத நான் ஆருக்குப் புள்ள காட்டுற? றோட்டுல போறவன ஒவ்வொருத்தனா மறிச்சுக் காட்டவா?"

"பொலிசுக்கு ஒரு முறைப்பாடு போடுவம் அண்ணன்" என்றார் றவூப். "சாட்சிக்கு நாங்க வாறம்."

"அடிச்சவன்ட வீட்டு மோட்டரையும் நான்தான் போட்டுக் குடுத்தன் தம்பி. அவன்ட உம்மா எனக்குச் சோறு தந்தவ. அவனப் போய்ப் பொலிசில இழுத்து என்ன காணப் போறன்?" மடியில் விழுந்த மாவிலையைத் தட்டிவிட்டார். "நீங்க வந்தது நல்லம். ஆனா நான் இனி அந்தப் பக்கம் வாறதில்ல. காரைதீவில நாலு வீடு இரிக்கி, அது காணும். வயசும் போயிட்டு."

அவர்கள் எழுந்தபோது படலை வரை வந்து வழியனுப்பினார். வரும் வழியில் பஸ்னா அழுதாள். முன்னாலிருந்த றவூப் தெரிந்தும் தெரியாதது போல வண்டியை மெதுவாக ஓட்டினார்.

அடுத்த வாரம் சங்க மண்டபத்தில் கூட்டம். கடைத்தெருக் கமராக்களைக் குடியிருப்பு ஒழுங்கைகளுக்கும் நீட்டுவதா என்று முடிவெடுக்க ஊர்க்காரரையும் அழைத்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தார்கள். கமராவின் பயனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி பஸ்னாவையும் கேட்டிருந்தார்கள்.

முதலில் ஒரு இளம் தாய் எழும்பிக் கதைத்தாள். "ரெண்டு மாசத்துக்கு முன்ன புள்ளயத் தூக்கிக்கிட்டு வாறன், பைக்கில வந்தவன் கழுத்துச் சங்கிலிய அறுத்துக்கிட்டுப் போனான். இன்னம் தழும்பு இரிக்கி. கமரா இருந்திருந்தா நம்பரையாவது பார்த்திருக்கலாமே. இன்னும் எத்தின பேருக்கு நடக்கணும்?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. மண்டபம் தலையாட்டியது.

ஒரு மூத்த பெண் குறுக்கிட்டார். "நாங்க வீட்டுக்கு வீடு போறதும் வாறதும் அந்த ஒழுங்கையாலதானே. ஒரு மையித்து வீட்டுக்கு அழுதுகிட்டு ஓடினாலும், கறி வாங்க ஓடினாலும், இருந்த உடுப்போட ஓடுற. அதையெல்லாம் ஆர் இருந்து பார்க்கப் போற?"

பஸ்னா எழும்பினாள்.

"நான்தான் பார்க்கப் போற. எனக்குப் பிறகு ஆர் எண்டு தெரியாது. போன வாரம் மோட்டர்காரர அடிச்சது உங்களுக்குத் தெரியும். கமராவுல எல்லாம் சரியாத்தான் விழுந்திருந்த. நான் ஆறு நிமிசம் முன்னால நிப்பாட்டிட்டன். நீங்க பதினெட்டு விநாடி பார்த்தீங்க. அந்த மனுசன் இனி இந்தப் பக்கம் வரமாட்டாராம். இந்தத் தங்கச்சிட சங்கிலிக்கு ஒரு கமரா வேணும்தான், நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா படத்த ஆர் எடுக்கிற, ஆருக்குக் குடுக்கிற எண்டு ஒரு கணக்கு இல்லாம இன்னும் இருபது கமரா போட்டா எனக்கு ஏலாது."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப கள்ளன சும்மா விடச் சொல்றீங்களா?" என்றார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் சத்தம். கடைசியில் ஒழுங்கை முகப்புகளில் மட்டும், பிரதான வீதியைப் பார்த்தபடி கமரா வைப்பதென்றும், எழுத்தில் கேட்காமல், இரண்டு பேர் சேர்ந்து பார்க்காமல் எதையும் போனில் எடுப்பதில்லை என்றும் முடிவாயிற்று. அந்த இளம் தாய்க்கும் அது போதவில்லை. அந்த மூத்த பெண்ணுக்கும் பிடிக்கவில்லை.

விதி முதல் மாதம் ஒழுங்காக நடந்தது. இப்போது ஆட்கள் அவசரப்படுகிறார்கள். "எழுத என்ன இரிக்கி, டக்கெண்டு காட்டுங்க ராத்தா" என்கிறார்கள். பஸ்னா கடிதம் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பின்னால் போய்த் தொடங்குகிறாள். அவள் கையில் வேலை இழுபடுகிறது என்று சங்கத்தில் முறையிட்டிருக்கிறார்கள். இரண்டு முறை வேலையை விடப் பார்த்தாள். வேறு ஆள் கிடைக்கும் வரை இருக்கச் சொன்னார் சாஜித். வந்த பெண் ஒரு பகல் இருந்துவிட்டுத் தலையிடி என்று போய்விட்டாள். பஸ்னா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

மாலையில் ஒழுங்கையால் வீட்டுக்கு நடக்கும்போது, வாசலில் நிற்கும் பெண்கள் முன்பு பிள்ளைகளைப் பற்றி, சமையலைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது ஒரே கேள்விதான்.

"என்னகா பஸ்னா, காலயில கடைக்குப் போனனான். உங்கட கமராவுல தெரிஞ்சனா?"

"ஓம்" என்பாள் அவள். "தெரிஞ்சீங்க."

பிறகு கறிக்கு வாங்கிய மீன் பழுதாகிவிடும் முன் வீடு போய்ச் சேர, கொஞ்சம் எட்டி நடப்பாள்.